சிவப்புச் சீலையும் சிந்தின கோப்பியும்

அந்தப் படத்தை நான் கெடுத்துப்போட்டேன் என்று எங்கள் ஆட்களில் சிலபேர் கதைக்கிறார்கள். கோயிலில் கண்டால் ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். கிழவிக்குத் திமிர், சின்னப் பிள்ளைக்கு வந்த வாய்ப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டா என்கிறார்கள். கதைக்கட்டும். ஆனால் அங்கே நின்றவள் நான். நில்லாத ஆட்கள் சொல்லித் திரிவதை விட, நின்றவள் எழுதிவைப்பது நல்லது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. ஆறுதலாகத்தான் எழுதும். பிழை இருந்தால் இருக்கட்டும்.

நான் இருப்பது இத்தாலியின் தெற்கில், பலேர்மோவில், வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில். துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஊதினால் என் குசினி யன்னல் அதிரும். எனக்கு மேல்வீட்டில் ஒரு தாயும் மகளும். தாய் என்னைவிட இருபது வயதாவது இளையவ, என்னை அக்கா என்பா. வீடுகளில் வேலை. விடிய வெளிக்கிட்டு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்டேசனடியில் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வருவா. மகள் இஞ்சை பிறந்தவள். என்னைப் பெரியம்மா என்பாள். தமிழில் தொடங்குகிற வசனத்தை இத்தாலியனில் முடிப்பாள், இடையில் பலேர்மோக்காரரைப் போலக் கையையும் ஆட்டுவாள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு முதல் வருசம் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, படியால் குதித்து வந்தாள்.

"பெரியம்மா, நான் படத்திலை நடிக்கப்போறன்!"

"என்ன படம்? காதல் படமோ?"

"சீ! எங்களை மாதிரி முதல் வருசப் பிள்ளையளின்ரை படம். சண்டைப் படம்."

"வாள்வெட்டோ?"

"பகிடி விடாதேங்கோ. நிறத்தாலை வாற சண்டை."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கதை சொன்னாள். ஒரு விடுதியில் புதிதாக வந்த பிள்ளைகள். வடக்கு இத்தாலியில் இருந்து வந்த ஒருவன் பலேர்மோப் பொடியனின் பேச்சை நக்கல் அடிக்கிறான், நீங்களெல்லாம் அரை ஆபிரிக்கர் என்கிறான். பலேர்மோப் பொடியன் அதை விழுங்கிக்கொண்டு, தனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறான். நைஜீரியாத் தாய்தகப்பனுக்குப் பிறந்த ஒரு பொடியன் இருக்கிறான். எங்கள் பிள்ளை இருக்கிறாள். பிறகு சுவரில் எழுத்து, கதவுக்கு உதை, கடைசியில் பெரிய அடிபாடு.

எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை. மேலே இருக்கிறவன் மிதித்தால் கீழே ஒருவனைத் தேடி மிதிக்கிற அலுவலை நான் யாழ்ப்பாணத்திலேயே கண்டு வந்தவள். நிறம் ஒன்றாய் இருந்தும் அங்கே தேத்தண்ணிக் கடையில் எங்களுக்கு வேறு கோப்பை.

"சரி, எல்லாம் எதிலை தொடங்குது?" என்று கேட்டேன்.

"ஒரு கோப்பியிலை. என்ரை அம்மாவா நடிக்க ஒரு ஆள் வேணும், பெரியம்மா. நீங்கள் வாறீங்களோ?"

"உன்ரை அம்மா இருக்கேக்கை நான் என்னத்துக்கு?"

"அவ மாட்டன் எண்டிட்டா."

அன்று பின்னேரம் தாயைப் படியில் மறித்துக் கேட்டேன். "எனக்கு வேலை கிடக்கு அக்கா. கமெராவுக்கு முன்னாலை நிக்க எனக்கு ஏலாது," என்றா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த மரக்கறிப் பையைப் பார்த்தா. கூச்சமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மகள் விடவில்லை. "வசனம் ஒண்டுமில்லை, பெரியம்மா. முதல் நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வாறீங்கள். மிச்சத்தை அங்கை சொல்லுவினம். வீட்டிலை எப்பிடி இருப்பீங்களோ அப்பிடியே வரட்டாம்."

அப்படியே வரட்டாம்! படம் எடுக்கிறார்கள் என்றால் எங்கள் ஆட்களில் யார் அப்படியே போவார்கள்? சாமத்தியவீட்டுக்கு வருகிற கமெராவுக்கே நாங்கள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆட்கள். இது தியேட்டரில் ஓடப்போகிற படம். மனுசன் இருக்கும்போது எடுத்த சிவப்புக் காஞ்சிபுரச் சீலை அலுமாரியில் கிடந்தது. அவர் போனபிறகு நான் அதைக் கட்டவில்லை. அன்றைக்குக் கட்டினேன். சங்கிலி போட்டேன். கையில் இரட்டைக் காப்பு எப்போதும் கிடக்கிறதுதான். வெறும் கையோடு போவது மரியாதையில்லை என்று ஒரு பெட்டி நிறைய ரோல்ஸும் பொரித்துக் கொண்டுபோனேன்.

படம் எடுத்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் நடுமுற்றம், சுற்றிவரத் தூண்கள். படத்தின் இயக்குநர் முப்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பொடியன், தாடி வைத்தவன், நித்திரை காணாத கண். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். வாய் திறந்தபடி நின்றது. பிறகு எங்கள் பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை நிலத்தைப் பார்த்தாள்.

உடுப்புக்குப் பொறுப்பான பெட்டை ஒரு வெளிறின நீலச் சட்டையையும் தேய்ந்த செருப்பையும் கொண்டு வந்தாள். "சினியோரா, நீங்கள் வேலைக்குப் போகிற ஒரு தாய். இதைப் போடுங்கள். நகைகளைக் கழற்றி என்னிடம் தாருங்கள், பத்திரமாக வைப்பேன்."

"வேலைக்குப் போற தாய் பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்துக்கு வேலை உடுப்போடையோ போவா?" என்று அவர்களுடைய பாஷையிலேயே கேட்டேன். "முப்பது வருசம் இஞ்சை வீடு துடைச்சனான். ஒருநாளும் அந்த உடுப்போடை நான் பஸ் ஏறினதில்லை."

அவள் நல்ல பிள்ளை. சிரித்தாள். "சரி, காப்பையாவது கழற்றுங்கள்."

இந்தக் காப்பைப் பற்றி இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். என் மனுசன் இஞ்சை ஆஸ்பத்திரியில் மோசம் போனபோது எங்கள் பொம்பிளைகள் வந்து சூழ்ந்து நின்றார்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிச் சவப்பெட்டிக்குள் அவருடைய நெஞ்சில் வைத்தேன், அது அவர் கட்டினது. பொட்டை அழித்தேன். காப்பைக் கழற்று என்றார்கள். மாட்டேன் என்றேன். அது அவர் போட்டதில்லை. நான் வந்த புதிதில் ஒரு சினியோரா வீட்டின் தரையையும் படியையும் கக்கூசையும் துடைத்துச் சேர்த்த முதல் காசில் நானே செய்து நானே போட்டது. அவர் செத்ததற்கும் இதற்கும் என்ன? அன்றைக்கும் ஊர் கதைத்தது. கதைத்துக் களைத்துப் பிறகு விட்டது.

அந்தப் பெட்டைக்கு அவ்வளவும் சொல்லவில்லை. "புருசன் செத்தண்டைக்கே கழட்டாத காப்பு, பிள்ளை. உங்கடை படத்துக்கோ கழட்டப்போறன்?" என்றேன். அவள் நீலச் சட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இயக்குநர் யோசித்தான். பிறகு கையைத் தட்டினான். "இருக்கட்டும். இன்னும் நல்லது. இப்படி உடுத்திக்கொண்டு வந்தாலும் அவர்கள் கண்ணுக்கு இவர் துப்புரவு ஆள்தான். அது பலமாய் இருக்கும்."

"என்ன துப்புரவு ஆள்?" என்றேன்.

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னான். தாய் சாப்பாட்டோடு முற்றத்துக்கு வருகிறா. மெஷினில் எடுத்த கோப்பி பலேர்மோப் பொடியனின் கையிலிருந்து சிந்துகிறது. அவன் தாயைக் காண்கிறான், துப்புரவு ஆள் என்று நினைத்துத் தரையைக் காட்டுகிறான். தாய் ஒன்றும் சொல்லாமல் அங்கே நிற்கிற துப்புரவு வண்டிலில் இருந்து துணியை எடுத்துக் குனிந்து துடைக்கிறா. மகள் தூணடியில் நின்று பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த வெக்கம்தான் பிறகு வெடிக்கிறது.

"நான் குனியமாட்டன்," என்றேன்.

"சினியோரா, இது நடிப்பு."

"குனியிறது நான்தானே?"

அவன் கத்தவில்லை, அதைச் சொல்லவேண்டும். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். முற்றம் அன்றைக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. இந்த இடம் சரிவராவிட்டால் எங்கள் பிள்ளையின் கதையைக் குறைத்து, படத்தை அந்த நைஜீரியாப் பொடியனின் கதையாகத் திருப்பவேண்டி வரும். அவளுக்கு ஒன்றிரண்டு இடம்தான் மிஞ்சும். "யோசியுங்கள். உங்களுக்காக இல்லை, அவளுக்காக."

பிள்ளை என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"முதலே சொல்லாதது என்ரை பிழை, பெரியம்மா. சொன்னால் வரமாட்டீங்கள் எண்டு தெரியும்."

"தெரிஞ்சும் கூட்டிக்கொண்டு வந்தனி. கெட்டிக்காரிதான்."

"இது கதையில்லை. நடந்தது. நான் யூனிவேர்சிட்டிக்குப் போன முதல் நாள் அம்மா வேலையாலை நேரை சாப்பாடு கொண்டு வந்தவ. ஒரு பொடியன் கோப்பியை ஊத்திப்போட்டு அவவைக் கூப்பிட்டான். அவ துடைச்சவ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். பக்கத்திலை நிண்ட பெட்டை, 'ஆர் அது, தெரியுமோ?' எண்டு கேட்டாள். தெரியாது எண்டனான்."

படியில் மரக்கறிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்ற தாயின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

"அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. பேந்து அந்தப் பக்கம் வாறதுமில்லை. நான்தான் இவையளிட்டைச் சொன்னனான். எல்லாரும் பாக்கோணும், பெரியம்மா. என்னையும் பாக்கோணும். அதுக்குத்தான் நான் நடிக்க வந்தனான்."

"நீ முகத்தைத் திருப்பினது நீ செய்தது. அதை எத்தினை தரமும் நடிச்சுக் காட்டு," என்றேன். "உன்ரை அம்மா துடைச்சதிலை எனக்கு ஒரு வெக்கமுமில்லை. ஆளறியாத இடம், தனிய வந்த மனுசி, பிள்ளையின்ரை முதல் நாளிலை சண்டை வேண்டாம் எண்டு துடைச்சிருப்பா. ஆனா இது படம். ஓடுற ஒவ்வொரு தரமும் அவ குனிவா. ஊரெல்லாம் காசு குடுத்து ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்து அவ குனியிறதைப் பாக்கும். அதை என்ரை முதுகாலை செய்விக்க ஏலாது."

"அப்ப என்ன செய்யப்போறீங்கள்?"

"எனக்கும் தெரியாது. வா, போய் நிண்டு பாப்பம்."

கமெராவைத் திருப்பினார்கள். வெளிச்சம் பிடித்தார்கள். பலேர்மோப் பொடியனாக நடித்தவன் உண்மையிலும் பலேர்மோதான், மீன்காரன் மகனாம். கொஞ்சம் முதல்தான் என் ரோல்ஸில் நாலு தின்றுவிட்டு, "சினியோரா, என்னைத் தத்தெடுங்கோ" என்று பகிடி விட்டவன். தொடங்கு என்று சத்தம் வந்ததும் அவன் முகம் மாறிப்போயிற்று. நல்ல நடிகன். கோப்பியைச் சிந்தினான். என்னைக் கண்டான். நாடியால் தரையைக் காட்டினான்.

"ஏய், சினியோரா. இஞ்சை."

சாப்பாட்டுப் பெட்டியைத் தூணடியில் கிடந்த வாங்குப் பலகையில் வைத்தேன். வண்டிலில் இருந்த துணியை எடுத்தேன். ஈரத் துணி. கையில் அது பட்டதும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் வந்து நின்றது. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார் விளக்குமாற்றை என் கையில் தந்தார். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தும் என் கையில்தான் தந்தார். எங்கள் சனம் என்றால் கூட்டுவதற்குப் பிறந்தது என்ற நினைப்பு. நான் அதை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். படிப்புப் போனது. போனது போனதுதான். அதற்காக நான் ஒருநாளும் அந்த மேசையடிக்குத் திரும்பிப் போய்க் கூட்டவில்லை.

துணியைப் பிழிந்தேன். உதறினேன். வேலைக்குப் போகும் வீட்டில் மடிக்கிற மாதிரி நாலாய் மடித்தேன். பிறகு அந்தப் பொடியனிடம் நீட்டினேன்.

அவன் விழித்தான். காப்பு முழங்கைப் பக்கம் வழுக்கிச் சத்தம் போட்டது, முற்றம் முழுக்கக் கேட்டது. "இஞ்சை," என்றான் மறுபடி, கொஞ்சம் பதிந்த குரலில். நான் கையை எடுக்கவில்லை. நிறுத்து என்று யாராவது சொல்லுவார்கள் என்று அவன் இயக்குநரைப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை. அவனுடைய காது சிவந்துகொண்டு வந்தது. என் தோள்மூட்டு ஏற்கனவே வருத்தக்காரத் தோள்மூட்டு, அது வேறு உயிரை எடுத்தது. எடுக்கட்டும் என்று நீட்டியபடி நின்றேன்.

"நான் ஏன்?" என்றான் அவன். அது எழுதி வைத்த வசனம் இல்லை.

"உன்ரை கோப்பிதானே, மோனை," என்றேன், வுச்சீரியாக் கிழவிகள் கதைக்கிற பாஷையில்.

அந்த நேரம் எங்கள் பிள்ளை தூணடியில் நின்று முகத்தைத் திருப்பவேண்டும். திருப்பினாள். பிறகு திருப்பின முகம் திரும்பி வந்தது. நடந்து வந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. "அம்மா" என்றாள். தமிழில், பலமாக, சந்தையில் தொலைந்த பிள்ளை கூப்பிடுகிற மாதிரி. வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். துணியை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அங்கே நின்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "இது என்ரை அம்மா," என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

நிறுத்து என்றான் இயக்குநர். தலையில் கையை வைத்தான். "இது என்னுடைய படம் இல்லை! இப்படியென்றால் எல்லாம் இதிலேயே முடிந்துவிடுகிறதே! மறுபடி செய்வோம். எழுதினபடி."

"நான் ஒருக்காத்தான் செய்வன்," என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தேன். கெஞ்சினான். வேறு யாரும் இல்லையா என்று அங்கும் இங்கும் போன் அடித்தான். வெயில் தூணுக்கு மேல் ஏறிப்போய்விட்டது. என் ரோல்ஸ் பெட்டி மட்டும் வெறுமையாய்த் திரும்பிவந்தது.

பஸ்ஸில் பிள்ளை என்னோடு கதைக்கவில்லை. யன்னலைப் பார்த்து அழுதாள். "எல்லாம் போச்சு," என்றாள் ஒருதரம். நான் சமாதானம் சொல்லவில்லை. செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். பிறகு கனநாள் படியில் கண்டால், "சுகமோ பெரியம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போவாள். தாய்க்கு ஒன்றும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தா. ஊர் கதைக்கத் தொடங்கினது அப்போதுதான்.

படம் முடிந்து ஒரு சின்னத் தியேட்டரில் காட்டினார்கள். பிள்ளை கெஞ்சித் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாய் எனக்குப் பக்கத்தில், மடியில் கச்சான் கடலைப் பையோடு. எங்கள் இடத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பிள்ளைக்கே தெரியாது. முன்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த முற்றம் வந்தது. நான் சொன்ன வசனத்தை இயக்குநர் வெட்டிப்போட்டான். பொடியனின் காது சிவந்ததையும் வெட்டிப்போட்டான். என் கை மட்டும் நீண்டுகொண்டு நிற்கிறது, திரை அகலத்துக்கு. காப்புச் சத்தம். பிறகு பிள்ளை நடந்து வருகிறாள். "அம்மா." அவ்வளவுதான். கோப்பியை ஒருவரும் துடைக்கவில்லை. அதற்குப் பிறகு படம் முழுக்க அந்தக் கறை தரையில் கிடக்கிறது. பிள்ளைகள் கடந்து போகிறார்கள், சப்பாத்தால் மிதிக்கிறார்கள், கடைசியில் அதற்கு மேலேயே அடிபடுகிறார்கள். என்னுடைய படம் இல்லை என்றவன் அதை வைத்தே படத்தை முடித்திருக்கிறான்.

எங்கள் பிள்ளையின் இடம் குறைந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. அவன் சொன்னபடியே பாதிக்கு மேல் அந்த நைஜீரியாப் பொடியனின் கதையாகப் போய்விட்டது. ஊர் சொல்வதில் அவ்வளவு சரி. ஆனால் நாளைக்கு என்னை அதே முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நான் அதைத்தான் செய்வேன்.

"அம்மா" என்ற சத்தம் வந்தபோது எனக்குப் பக்கத்தில் கச்சான் கொறிக்கிற சத்தம் நின்றது. தாய் என்னைப் பார்க்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் மகள் ஓடிவந்து நின்றாள். தாய் அவளுடைய தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "பசிக்குதோ?" என்று கேட்டா.

அடுத்த கிழமை என் கதவைத் தட்டினா.

"அக்கா, அந்தச் சிவப்புச் சீலையை ஒருக்காத் தாங்கோ."

"என்ன விசேசம்?"

"விசேசம் ஒண்டுமில்லை. நாளைக்கு எனக்கு வேலை இல்லை. பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போகப்போறன்."

மறுநாள் நானே கொய்யகம் பிடித்து, ஊசி குத்திக் கட்டிவிட்டேன். என்னைவிட உயரம், எனக்கு நிற்பதை விட அவவுக்கு வடிவாய் நின்றது. கண்ணாடியில் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தா.

"கை வெறுமையாக் கிடக்கு. அந்தக் காப்பையும் தாங்கோவன் அக்கா."

"கழராது," என்றேன். "கழண்டாலும் தரமாட்டன். நீயும் துடைச்சு உழைக்கிறவள்தானே. உன்ரை காசிலை செய்து போடு."

"கிழவிக்குத் திமிர்," என்று சிரித்தா.

சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கீழ்ப்படியில் மீன்தண்ணி படாமல் சீலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தா. நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். எதிரே மீன்பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். ஒதுங்குவா என்று அவன் நினைத்திருப்பான். அவ சந்தின் நடுவாலேயே போனா. அவன்தான் வண்டிலைச் சுவர்ப்பக்கம் ஒதுக்கினான்.